அடக்கப் பயிற்சி

எங்கள் கத்தோலிக்கக் குருமடம் இருக்கும் கட்டடம் முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா. தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் ஊழியம் செய்ய இளைஞர்களைப் பழக்க வேண்டுமென்று வெளிநாட்டுச் சாமியார்கள் அதை வாங்கினார்களாம். முதலில் கடலோர ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறார்கள். நுவரெலியாக் குளிரில் பாதிப்பேர் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். குளிரில் பிறந்தவர்கள் பக்கத்துத் தொழிலாளர் லயங்களிலேயே இருக்கிறார்களே என்று பிறகுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. அப்படித்தான் எங்களைப் போன்றவர்கள் உள்ளே வந்தோம்.

திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்வது என் வேலை. துரை குளித்த தொட்டியில் நாங்கள் அங்கிகளை ஊற வைக்கிறோம் என்றதும் எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் சொல்வேன். அதற்காகவே என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

அதே முகத்துக்காக இன்னொரு வேலையும் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் அடக்கச் சடங்கு நடத்தப் பழக்குவார்கள். ஒருவன் பெஞ்சில் பிணமாகப் படுக்க, மற்றவர்கள் முறைவைத்து ஜெபம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் படுத்தால் சிரிப்பில் வயிறு குலுங்கும். நான் அசையமாட்டேன். ஆகவே நானே நிரந்தரப் பிணம். பொய்ப் பெயர் சொன்னால் வாய் பழகாது, கிடப்பவன் பெயரைச் சொல்லித்தான் பழக வேண்டும் என்பது பாடம் நடத்திய சாமியாரின் பிடிவாதம். வாராவாரம் என் பெயரைச் சொல்லி என்னை இறைவனிடம் ஒப்படைத்தார்கள். எழுந்து நின்று நடத்தும் வாய்ப்பு எனக்கு வரவேயில்லை. கேட்டுக் கேட்டே ஜெபம் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது.

அப்பா இறந்த செய்தி அலுவலகத் தொலைபேசிக்கு வந்தது. எங்கள் கைப்பேசிகள் அங்கேதான் பூட்டிக் கிடக்கும். குருமட அதிபர் கூப்பிட்டுச் சொன்னார், தோளில் கை வைத்தார், அங்கியோடே போகச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வட்டகொடை தாண்டினால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உள்ளே மரத்துப்போயிருந்தது. ஒன்று மட்டும் மனதில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும், புதைக்கும்போது மூத்த மகன்தான் முதல் மண்ணைப் போடுவான். அப்பாவுக்கு அதை நான் போட வேண்டும். போட்டால் ஏதாவது அசையும் என்று நம்பினேன்.

லயத்து வாசலில் பெட்டியை வைத்திருந்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழ யாரும் வரவில்லை. அங்கியைக் கண்டதும் வழிவிட்டார்கள். "பிரதர் வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க" என்றார் சித்தப்பா. அம்மாவும் "வாங்க" என்றுதான் சொன்னாள். நான் குருமடம் போனதிலிருந்து வீட்டில் எல்லாம் இப்படித்தான். அப்பாகூட என்னைக் கண்டால் பீடியை மறைத்துக்கொள்வார்.

மழையில் பாதையில் மண் சரிந்து பங்குச் சாமியார் வர முடியாமல் போனது.

"நீங்களே ஜெபத்த சொல்லிருங்க பிரதர். பொழுது போவுது, மழையும் விடாது" என்றார் சித்தப்பா.

தேயிலைக்கு நடுவே இருந்த மயானத்தில் குழியருகே நின்று புத்தகத்தைப் பிரித்தேன். தூறலில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. புத்தகத்தை மூடினேன், கண்ணையும் மூடினேன். பெஞ்சில் கிடந்து கேட்டபடியே சொல்லத் தொடங்கினேன். நன்றாகவே வந்தது. குரல்கூட நடுங்கவில்லை. அப்பாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரைச் சொன்னேன்.

சொன்னது எனக்கே தெரியவில்லை. சிலர் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தபோது அம்மா எதிரில் நின்றாள்.

"அது எம் புள்ள பேருங்க" என்றாள். "அவன் உசுரோட இருக்கான்."

என்னிடம்தான் சொன்னாள்.

மறுபடி தொடங்கி, அப்பாவின் பெயரைச் சொல்லி முடித்தேன். பெட்டியை இறக்கினார்கள். குழி வெட்டியவர் மண்வெட்டியில் ஈர மண்ணை அள்ளி என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் அம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

"நீங்க போடக் கூடாது. குழிக்கிட்ட உங்க பேரு விழுந்துருச்சு. வேணாம்."

"நான்தானம்மா போடணும்."

"அப்பாவுக்கு வெளங்கும். மருமகன் போடட்டும்."

அக்காவின் கணவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு மண்ணைக் கையில் வாங்கிப் போட்டார். யாரோ தெரியாதவர் வீட்டுச் சாவுக்கு வந்தவன்போல நான் ஒதுங்கி நின்றேன். கோபம் வந்தது. அது அம்மாமேலா, அந்த பெஞ்சின்மேலா என்று பிரித்துப் பார்க்க அன்று தெம்பில்லை.

மற்றவர்கள் ஒரு பிடி ஒரு பிடியாகப் போட்டுவிட்டு, என் முன்னால் வந்து தலை குனிந்தார்கள். நான் இன்னும் குருவானவன் அல்ல, ஆசீர் கொடுக்க எனக்கு உரிமையில்லை. கொடுத்தேன். நெற்றி நெற்றியாகச் சிலுவை போட்டேன். அம்மா மட்டும் அந்த வரிசையில் வரவில்லை. என் பின்னால் நின்று அங்கியின் இடுப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குழியை மூடி முடிக்கும்வரை விடவில்லை.