புகைக்கு எத்தனை முறுக்கு?

தாராவியில் மகேஸ்வரி என்ற பெண் முறுக்குக் கொடுத்து ஓட்டு வாங்குகிறாள் என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் பேச்சு. எந்தத் தேர்தலும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் முறுக்கு விஷயமாயிற்றே என்று நேரிலேயே விசாரிக்கப் போனேன்.

வதந்தியில் பொய் குறைவு. முறுக்குக் கொடுத்தார், ஓட்டும் வாங்கினார். போட்டியிட்டவைதான் வேறு: இரண்டு அடுப்புகள்.

மகேஸ்வரி முறுக்குச் சுட்டு விற்பவர். உடைந்த பெட்டிப் பலகைகளை வாங்கி விறகாக எரித்துவந்தார். மாடியில் இருக்கும் தெரசம்மாளுக்கோ மூச்சிரைப்பு.

"ஏட்டி மகேசு, ஒண்ணு ஒன் அடுப்பு போவணும், இல்ல என் உசுரு போவணும். எது தோதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

அடுப்பை மாற்று, இல்லையென்றால் அறையைக் காலி செய் என்றது சந்து.

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். மகேஸ்வரி கணக்குக்குப் போனார். ஒரு பொருள் பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போகும்வரை பூமிக்கு என்ன கெடுதல் செய்கிறது என்று அளக்கும் வாஷி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். விறகடுப்பையும் கரண்டு அடுப்பையும் அப்படியே அளந்தார். விடை வம்பாக வந்தது. பலகையை எரித்தால் புகை சந்துக்கு. கரண்டு அடுப்பு என்றால் சந்து சுத்தம். ஆனால் அந்தக் கரண்டுக்காக எங்கோ ஓர் ஊரில் நிலக்கரி எரிகிறது. இதில் எது பெரிய கெடுதல் என்று அளவுகோல் சொல்லாது, மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அதற்காக மூன்று தட்டுகள் வைத்தார்: சந்துப் புகை, வெளியூர்ப் புகை, செலவு. வீட்டுக்குப் பத்து முறுக்கு. எதைப் பெரிதாக நினைக்கிறார்களோ அதில் அதிகம் வைக்கலாம். ஒவ்வொரு தட்டிலும் விழுந்த முறுக்கை அந்த வகையில் ஒவ்வோர் அடுப்பும் செய்யும் கெடுதலோடு பெருக்கிக் கூட்டியதில், கெடுதல் குறைவாக வந்த விறகடுப்பு ஜெயித்தது. அவருக்கும் அதுதான் லாபம். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சந்துப் புகைத் தட்டைச் சுற்றி ஒரே முறுக்குத் தூள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எதிர்க்கடைத் தங்கபாண்டி.

"கொழுந்தனாரே, தின்னீங்களா?"

"சூடா இருந்துச்சு மைனி. ரெண்டுதான்."

"ரெண்டா?"

"எனக்கு ரெண்டு. புள்ளைகளுக்குக் குடுத்தத நான் எங்க எண்ணுனேன்?"

மாடியிலிருந்து தெரசம்மாள் கத்தினார்: "என் மூச்சத் தின்னுட்டானே பாவி!"

"மறுபடியும் வைப்போம்" என்றார் மகேஸ்வரி.

"ஒங்களுக்குத்தான மைனி ஃபாயிதா? விடுங்களேன்."

"லாபம் கெடக்கட்டும். கள்ளக் கணக்குல ஜெயிச்ச அடுப்புல நான் எண்ணெ காய வைக்க மாட்டேன்."

இந்த முறை முறுக்குக்குப் பதில் மிளகாய் வத்தல். ஒருவரும் வாய் வைக்கவில்லை. கரண்டு அடுப்பு மயிரிழையில் ஜெயித்தது. விறகடுப்பை மகேஸ்வரி தன் கையாலேயே இடித்தார். கரண்டு பில்லை நினைத்து முகம் சுளித்தாலும், அறை அவருக்கு நிலைத்தது.

நான் போனபோது அலமாரியில் ஒரு பாட்டிலில் பத்து வத்தல் தனியாக இருந்தது. எதற்கென்று கேட்டேன்.

"நிலக்கரி எரியுத ஊர்க்காரவுக பங்கு. கூப்பிட ஆள் தெரியல. அவுக எந்தத் தட்டுல வைப்பாகன்னு தெரியும். ஆனா நானே எடுத்து வைக்கக் கூடாதுல்லா?"

"வைத்தால் முடிவு மாறுமா?"

"மாறுனாலும் மாறும்." மாவை அழுத்திப் பிசைந்தார். "விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆள் கிடைக்கிற வரைக்கும் சட்னிக்கு வேற வத்தல் வாங்கிக்கிடுதேன்."