அண்ணி நிரப்பிய டாங்க்

அண்ணி ஒரு துணிக்கடையில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் கெட்ட பிறகு அந்த வேலை போயிற்று, வாய் மட்டும் ஓயவில்லை. ரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அண்ணனின் பழைய கார் இல்லையென்றால் இரண்டு பஸ் மாறவேண்டும். திரும்பும்போது அவரால் நிற்கக்கூட முடியாது.

அண்ணன் மெக்கானிக். ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு 'ஊர்வலம்' என்று பட்டப்பெயர். காரின் கம்ப்யூட்டரில் பதிவானது அழிந்துவிட்டால், புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களை அது மறுபடி ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கவேண்டும். அதற்கென்று ஓட்டும் முறை இருக்கிறது. இரவு முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்பி, நின்ற இடத்திலேயே கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு பெரிய சாலையில் ஒரே சீராகப் போகவேண்டும். பிரேக்கைத் தொடாமல் வேகம் தானாகக் குறைய விடவேண்டும். அண்ணன் இப்படி ஊர்வலம்போல நகரும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள்.

"என்னைப் பொண்ணு கேட்டதும் இதே வேகத்துலதான், தம்பி. எங்கப்பா நடுவுல தூங்கிட்டாரு," என்பார் அண்ணி.

போன குளிர்காலத்தில் அண்ணனின் காருக்கே பேட்டரி மாற்றவேண்டி வந்தது. அதில் எல்லாச் சோதனையின் பதிவும் அழிந்து போயிற்று. வெள்ளிக்கிழமையோடு புகைச் சான்றிதழ் முடிகிறது. எல்லாச் சோதனையும் முடியாமல் அதைப் புதுப்பிக்க முடியாது; அதற்குள் புதுப்பிக்காவிட்டால் வண்டி தெருவில் இறங்கக்கூடாது. புதன்கிழமைக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்தன. பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் சோதனைதான் பாக்கி. டாங்க் ததும்ப நிறைந்திருந்தால் அந்தச் சோதனை நடக்காது என்று அண்ணன் பாதியளவிலேயே வைத்திருந்தான்.

அன்று பெட்ரோல் பங்கில் அவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி டாங்கை நிரப்பச் சொல்லிவிட்டார்.

"என்ன முழிக்கிற? நான்தான் போடச் சொன்னேன். இனி நிம்மதியா ஊர்வலம் போ."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நீயும் வா, ஊர் சுத்தலாம்," என்றான் அண்ணன்.

மறுநாள் முழுக்க இருவரும் சுற்றினார்கள். பெட்ரோலை எரித்துத் தீர்க்கத்தான் என்று அண்ணிக்குத் தெரியாது. மாலையில் ஒர்க்‌ஷாப் முதலாளி போனில் சத்தமாகக் கேட்டார்: "என்னப்பா, வீட்டம்மா ஊத்துன பெட்ரோல் இறங்குச்சா?"

அண்ணி அண்ணனையே பார்த்தார். "ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவ."

"இப்ப சிரிக்கிறேனா?"

பெட்ரோல் வேண்டிய அளவு இறங்கிவிட்டது, இனி விடியும்வரை எஞ்சினைத் தொடக்கூடாது, காலையில் ஒரு ஓட்டம் போதும், முடிந்துவிடும் என்று அண்ணன் சமாதானம் சொன்னான்.

காலையில் நான் எழுந்தபோது அண்ணி சமையலறை மேஜைமேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். தூக்கம் வரவில்லை என்றார். சட்டைக் காலரைச் சரிசெய்து அண்ணனை அனுப்பிவைத்தார். நானும் வேலைக்குப் போய்விட்டேன். மதியம் சான்றிதழோடு மாடியேறி வந்த அண்ணன், அவர் அதே நாற்காலியருகே தரையில் கிடப்பதைப் பார்த்தான்.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ராத்திரியே கொண்டுவந்திருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தபோது அண்ணி ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார். "பாஸாயிடுச்சா, தம்பி?"

"ஆச்சு, அண்ணி. ராத்திரியே முடியலையா உங்களுக்கு?"

ஆமென்று தலையசைத்தார். "எழுப்பியிருந்தா வண்டியை எடுத்திருப்பான். எல்லாம் பாழாயிருக்கும்."

"டாக்சி கூப்பிட்டிருக்கலாமே."

"டாக்சி வர்ற வரைக்கும் கைகட்டி நிக்கிற ஆளா உங்கண்ணன்?" மூச்சு வாங்கியது. "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. நான் போட்ட பெட்ரோலால வந்த வினை."

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்.

அண்ணன் இப்போது அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறான். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்கிறான்: "ராத்திரி முடியலைன்னா எழுப்பியிருப்பா இல்லடா? நான் கிளம்புனப்புறம்தான் வந்திருக்கும்."

"ஆமாண்ணே," என்கிறேன். "காலையில நல்லாத்தானே பேசிட்டிருந்தாங்க."

அவன் மறுபடி சோற்றைப் பிசைகிறான்.