அத்தை வீட்டுக்கு வாடகை இல்லை

அந்தச் சந்தில் அவளுக்குப் புள்ளிக்காரி என்று பெயர். ஒரு ஆராய்ச்சி அலுவலகத்தில் கணக்கெடுக்கும் வேலை. தெருத்தெருவாகப் போய், கைப்பேசியில் இருக்கும் வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்து, வாடகை எவ்வளவு, வருமானம் எவ்வளவு, எத்தனை பேர் என்று கேட்டுப் பதிய வேண்டும்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அம்மா படுத்த படுக்கையானதும் அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனிக்குப் போனாள். குனிந்த தலை குனிந்தபடியே பல வருஷம் ஓடியது. அதனாலோ என்னவோ, ஆள் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு வராது. கேள்வி கேட்கும்போது சுவரைப் பார்ப்பாள், கதவோரத்துச் செருப்புகளைப் பார்ப்பாள். "எங்களுக்கு என்ன குறைச்சல், ரெண்டே பேர்தான்" என்று ஒருவர் சொல்லும்போது அங்கே ஆறு ஜோடி கிடக்கும். அவள் ரெண்டு என்றே பதிந்துகொள்வாள்.

கணக்கெடுப்பவர்கள் வைத்த புள்ளியெல்லாம் அலுவலகத்தில் கலர் சாரிடம் போய்ச் சேரும். வரைபடத்துக்கு வண்ணம் பூசுகிறவர் அவர். சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல் வாடகை தின்கிற இடம் சிவப்பு. வசதியாக இருக்கிற இடம் பச்சை. இந்த முறை அதில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. சிவப்பு விழுந்த இடங்களில் இரண்டு வருஷம் யாரும் வாடகை ஏற்றக் கூடாது என்று நகராட்சி சொல்லியிருந்தது.

புள்ளிக்காரிக்கு அது உயிர்நாடி. அடுத்த மாதத்திலிருந்து வாடகையைக் கூட்டித் தர வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. சந்தின் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் அறைகளுக்குச் சொந்தக்காரி. குடிவருகிற எல்லோரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். யார் வந்து கேட்டாலும், "அத்தை வீடு, வாடகை இல்லை" என்று சொல்ல வேண்டும். வாடகை வீடு என்று தெரிந்தால் வரி கட்ட வேண்டுமே, இத்தனை குடும்பத்துக்கு இத்தனை கழிப்பறை என்று கட்டித் தர வேண்டுமே! மருமக்கள் தங்கியிருக்கிறார்கள் என்றால் ஒரு தொல்லையும் இல்லை. ஆக மொத்தம் பதினெட்டுக் குடும்பத்து மருமக்களுக்கும் ஒரே கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் இருமிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று அலுவலகத் திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிக்காரி தன் சந்தைத் தேடிப் பார்த்தாள். பசேலென்று இருந்தது.

"சார், எங்க சந்து பச்சையா இருக்கு."

கலர் சார் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்க ஒரு வீட்டுலகூட வாடகை சொல்லலம்மா. எல்லாம் காலி. காலியா விட்டா படத்துல ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். அதனால பக்கத்துல இருக்கற புள்ளிங்களை வச்சு கம்ப்யூட்டரே நிரப்பிக்கும்."

பக்கத்தில் இருப்பது நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடி. நடுவில் ஒரே ஒரு மதில். அந்தக் குளத்தைக் கழுவி விடுகிற நாளில் மருந்து வாடையோடு தண்ணீர் மதிலடிக் குழாய் வழியாகச் சந்துக்குள் வந்து நிற்கும். வீட்டு வாசலில் கால் வைக்க முடியாது. அந்தக் குளத்துக்காரர்களின் வசதியைத்தான் படம் இவர்கள் தலையில் பூசியிருந்தது.

"தப்புன்னு உங்களுக்குத் தெரியுது இல்ல சார்?"

"தெரியாம என்ன? ஆனா பதில் இல்லாம நான் என்ன பண்றது? வெள்ளிக்கிழமை படம் மேல போயிடும். அதுக்குள்ள பாதி வீட்டு பதிலாவது வாங்கிட்டு வா, மாத்தித் தரேன். சொந்தத் தெருவுக்கு நீ போகக் கூடாதுன்னு விதி, பரவாயில்ல, போ." பிறகு பல்லைக் குத்திக்கொண்டே சேர்த்துக்கொண்டார், "சிவப்பு அங்கங்க இருந்தாத்தாம்மா பார்க்க நல்லாயிருக்கும். ரொம்ப இருந்தா மேல இருக்கறவங்களுக்குக் கண் கூசும்."

வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்தாள். அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன்.

"ஏங்க, கணக்கெடுக்க வந்தவர்கிட்ட வாடகை இல்லன்னு சொன்னது நீங்கதானே?"

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். உங்களுக்கு மட்டும் குறைச்சுக் கொடுத்திருக்கேன், வெளிய மூச்சு விடாதன்னு அத்தை சொல்லியிருக்காங்கல்ல."

"குறைச்ச லட்சணம்தான் அடுத்த மாசம் வெளிய போகச் சொல்லுதே!"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுநாள் அவள் சந்தில் இறங்கினாள். அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. கணக்கெடுப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து பொய்யாக நிரப்பிவிடக் கூடாதாம். அதனால் வீட்டுக்காரர் பதிலை வாய்விட்டுச் சொல்லும் குரல் பதிவாக வேண்டும், கடைசியில் அவரே தன் விரலால் திரையில் சம்மதம் என்ற இடத்தை அழுத்த வேண்டும்.

ஒவ்வொரு கதவிலும் ஒரே பாட்டு. அத்தை வீடு. வாடகை இல்லை. பக்கத்து அறைத் தையல்காரி, தினமும் ஒரே வாளியில் தண்ணீர் பங்கு போடுகிறவள், அவளும் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே அதையே சொன்னாள்.

"என்கிட்டயுமாடி?"

"உன்கிட்ட சொன்னா அந்த போன்கிட்ட சொன்ன மாதிரிக்கா. எனக்கு எதுக்கு வம்பு?"

புள்ளிக்காரி தன் வாசலுக்கு வந்து நின்றாள். தன் கைப்பேசியைத் தானே வாயருகில் பிடித்தாள். அதுவரை அந்தச் சந்தில் அவள் குரல் நாலு அடி தாண்டிக் கேட்டதில்லை. தான் கொடுக்கும் வாடகையைச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொன்ன பிறகு காது இரண்டும் கொதித்தன.

தையல் மெஷின் நின்றது. தையல்காரி வெளியே பாய்ந்து வந்தாள்.

"என்ன சொன்ன? மறுபடி சொல்லு!"

சொன்னாள்.

"ஜன்னல் வச்ச ரூமுக்கு அவ்வளவுதானா? கழிப்பறைச் சுவத்தை முட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன், உன்னைவிட நான் அதிகமா குடுக்கறேன்! எனக்கு மட்டும்தான் கம்மின்னு சொன்னாங்களே! அத்தைகிட்ட என்னத்தைப் போட்டுக் கொடுத்து நீ கம்மி பண்ணிக்கிட்ட?" என்று தன் வாடகையைக் கத்தியே சொல்லிவிட்டாள். எதிர்வரிசையில் ஒருத்தி, "அடிப்பாவி, நான் உனக்கும் மேல!" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கதவுக்குக் கதவு வாடகை வெளியே வந்து விழுந்தது. ஒரு தொகை போல இன்னொன்று இல்லை.

எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. புள்ளிக்காரி தையல்காரிக்கு முன் திரையை நீட்டினாள். "இங்க அழுத்து. பாதிப் பேர் அழுத்தினா போதும், யாருக்கும் ஏறாது."

தையல்காரியின் விரல் வந்தது. திரையைத் தொட ஒரு நகக்கண் அளவுதான் பாக்கி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னம்மா கூட்டம்? யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டபடி அத்தை பாதிப் படியில் நின்றாள். திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

விரல் பின்னால் போனது. "ஒண்ணுமில்ல அத்தை. சும்மா கோவத்துல என்னமோ உளறிட்டேன்." தையல்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், அழுக்கைத் தொட்டுவிட்டதுபோல. மற்றவர்கள் அதற்குள் உள்ளே போய்விட்டார்கள். ஒரு கதவு மூடும் சத்தம்கூட இல்லை. அவ்வளவு பவ்வியம்.

வெள்ளிக்கிழமை கலர் சார் அவள் ஒரே புள்ளியைப் போட்டுப் பார்த்தார். "சுத்தி எல்லாம் பச்சை, நடுவுல ஒண்ணு மட்டும் சிவப்பு. அழுத்தினதுல தப்புன்னு கம்ப்யூட்டரே தள்ளிடுதும்மா," என்றார். படம் மேலே போனது. பார்த்தவர்கள் கை தட்டினார்களாம்.

மாத முடிவில் புருஷனின் சரக்கு வண்டியிலேயே சாமான் ஏறியது. சந்துக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசி மூட்டையை அவள் தூக்கும்போது தையல்காரி தன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, காலியான அறை வாசலில் நிறுத்தினாள்.

"நீயா வர்ற?"

"ஜன்னல் இருக்குல்லக்கா, வெளிச்சம் வரும். கொஞ்சம் கூடத்தான் கேட்டாங்க. ஆனாலும் பழகின பிள்ளையாச்சேன்னு எனக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தவள், புள்ளிக்காரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மெஷினின் ஒரு பக்கத்தைக் காட்டி, "நிலைப்படியில இடிக்குது, ஒரு கை புடியேன்," என்றாள்.

புள்ளிக்காரி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குறுக்கே நின்ற மெஷினைச் சுற்றிக்கொண்டு, தேங்கிய மருந்துத் தண்ணீரில் இறங்கி வண்டிக்கு நடந்தாள்.