நட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

என் மகள் காலை நீட்டிக்கொண்டு வண்டி ஓட்ட ஆசைப்பட்டாள். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

அவளுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் வேலை. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அதில்தான் நெய்வேலிக்கு வருவாள். வாங்க வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். கிளம்பும்போது ஒரு மெசேஜ், திண்டிவனத்தில் ஒன்று, விக்கிரவாண்டியில் ஒன்று, பண்ருட்டியில் ஒன்று. எல்லாம் என் போனுக்கு வர வேண்டும். வருகிற வரைக்கும் நான் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். "நீங்க நடக்கறதுக்கு அவ வண்டியோட்டறதே மேல்" என்பாள் என் மனைவி.

அந்தச் சனிக்கிழமை வந்து இறங்கியவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணி நேரம் கால் மடங்கியே இருந்த வலி. பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே முழ நீளம்கூட இல்லாத இரண்டு கறுப்பு அலுமினியக் கட்டைகள், வளையக் கிளாம்புகள், போல்ட்டுகள். ஹைவே பெக் என்று பெயர். இன்ஜினுக்கு முன்னால் வளைந்து நிற்கும் கிராஷ் கார்டு கம்பியில் இரண்டு பக்கமும் பூட்டிவிட்டால், நேர்ச்சாலையில் போகும்போது காலை முன்னால் நீட்டி அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.

"மெக்கானிக்கிட்ட குடுத்துக்கலாம்னு இருந்தேன். அம்மாதான், அப்பா சும்மாதானே இருக்காரு, அவர்கிட்ட குடுன்னாங்க."

"சும்மாவா? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சு இப்பத்தான் வந்து உட்கார்ந்தேன்" என்றேன். ஆனால் எனக்குச் சந்தோஷம். அந்த வண்டியைத் தொட அவள் என்னை விட்டது அன்றுதான்.

நான் மைன்ஸில் கன்வேயர் பராமரிப்பில் இருக்கிறேன். டிப்ளமோ படித்துவிட்டு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. எங்கள் வேலையில் ஒரே ஒரு பயம். லிக்னைட்டை, அதாவது பழுப்பு நிலக்கரியை, சுமந்துகொண்டு பெல்ட் மைல் கணக்கில் ஓடும். மேலே எங்கிருந்தாவது ஒரு போல்ட் கழன்று அதில் விழுந்து, இடுக்கில் மாட்டிக்கொண்டால், பெல்ட்டை நீளவாக்கில் கிழித்துக்கொண்டே போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முடுக்கிய போல்ட் ஒன்று அப்படி விழுந்தது. அன்றைக்கு ஷிஃப்ட் முழுக்க எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு நான் முடுக்கிய எதுவும் விழுந்ததில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் சொருகி உடம்பு பாரம் முழுக்கப் போட்டு முடுக்குவேன். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போடுவேன். கடைசியில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பேன். கோடு ஒடியாமல் இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். அடுத்த ஷிஃப்டுக்காரன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போகலாம்.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியைப் பலகை கொடுத்து நேராக நிறுத்தினேன். மகளை ஷூ, ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னேன். அவள் காலை நீட்ட, குதிகால் வந்து நின்ற இடத்தில் கம்பிமேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன். கம்பி கீறாமலிருக்க ரப்பர் சுற்றி, அதன்மேல் கிளாம்பை மாட்டினேன்.

"இதே ஹைட் போதும்ப்பா. சூப்பரா இருக்கு."

எனக்குப் போதவில்லை. கால் முன்னால் இருக்கும்போது குறுக்கே மாடு வந்தால்? பிரேக் மிதிக்குக் கால் திரும்பி வர எவ்வளவு நேரமாகும்? "பிரேக்!" என்று கத்தினேன். அவள் காலை எடுத்து வந்து மிதித்தாள். மறுபடி நீட்டச் சொல்லி மறுபடி கத்தினேன். கையில் வாட்ச்சை வைத்துக்கொண்டு பத்துத் தடவையாவது செய்திருப்பேன்.

எதிர் குவார்ட்டர்ஸ்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், மைன்ஸில் ஆபரேட்டர். "இன்னா சார், பொண்ணுக்கு டிரில்லா? காலை நீட்டிகினு போற வண்டின்னா ஒரு தலகாணியும் சேத்துக் கட்டி வுடுங்க."

"அங்கிள், நீங்க வேற ஐடியா குடுக்காதீங்க. கட்டிடுவாரு" என்றாள் என் மகள். மூன்று பேரும் சிரித்தோம்.

சிரித்துவிட்டு நான் இரண்டு பெக்கையும் நான்கு விரல்கடை கீழே இறக்கினேன், பிரேக் மிதிக்குப் பக்கத்தில் இருக்கட்டுமென்று. கால் இப்போது சட்டென்று திரும்பியது. கீழே இறக்கினால் வண்டி சாயும்போது தரைக்கும் பெக்குக்கும் இடைவெளி குறையும் என்பது என் மூளைக்குள் வரவே இல்லை. என் வேலையில் எந்த இயந்திரமும் சாய்வதில்லை.

கிளாம்பில் பூட்டியபிறகும் பெக் லேசாக ஆடியது. அடியில் ஒரு பின் கோத்து, மேல்நோக்கி மடங்குகிற மாதிரி செய்திருந்தார்கள். விரலால் தட்டினால் லொடலொடவென்று சத்தம். மட்டமான சாமான் என்று நினைத்தேன். அந்தப் பின்னைத் தட்டி எடுத்துவிட்டு, என் டூல் பெட்டியிலிருந்து நல்ல போல்ட் ஒன்றைப் போட்டு, இரண்டு நட்டு மாட்டி, பைப் சொருகி முடுக்கினேன். இரண்டு பக்கமும் அப்படியே. பிறகு வெள்ளைக் கோடு.

"முன்னாடி மடங்குச்சேப்பா?"

"ஆடிக்கிட்டிருந்தா ஒருநாள் கழண்டு விழும்மா. இனி அசையாது."

அவள் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "மைன்ஸ் ஃபினிஷிங்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினாள். அடுத்த மாதம் இதே வண்டியில் தனியாகக் கன்னியாகுமரி வரை போகப்போவதாக வாசலில் வைத்துத்தான் சொன்னாள். பண்ருட்டி மெசேஜுக்காக நான் நடக்க ஆரம்பித்தேன். அவள் போனிலிருந்து மெசேஜுக்குப் பதிலாக அழைப்பு வந்தது. பேசியது வேறு ஒரு பெண்.

"பொண்ணோட அப்பாங்களா? பதட்டப்படாதீங்க. காடாம்புலியூர்கிட்ட வண்டி வுழுந்துட்ச்சிங்க. பொண்ணு பேசிகினுதான் இருக்குது. காலுதான்... காலு ஒரு மாரி திரும்பிகினு இருக்குது. வெரசா வாங்க."

எதிர் குவார்ட்டர்ஸ்காரர்தான் என்னைத் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. வளைவில் ஒரு பாதிக்கு மட்டும் புதுத் தார் போட்டு, மறுபாதியைவிட அது கையளவு உயர்ந்து நின்றது. முந்திரிக்கொட்டை காயவைத்திருந்த தார்ப்பாய் ஒன்றின் ஓரத்தில், போனில் பேசிய, பலாப்பழம் விற்கும் பெண்ணின் மடியில் தலை வைத்து என் மகள் படுத்திருந்தாள். ஷூவுக்குள் பாதம் பின்பக்கம் பார்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சாரிப்பா."

கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்து, தகடு வைத்து ஏழு ஸ்க்ரூ போட்டார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர் விளக்கினார். நான் ஸ்க்ரூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்பக்க ஷெட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இடது கிராஷ் கார்டு உள்ளே மடிந்து இன்ஜினோடு ஒட்டியிருந்தது. இடது பெக்கின் நுனி சாய்வாகத் தேய்ந்து, அதில் தார் ஒட்டியிருந்தது. வளைவில் அவள் இடப்பக்கம் சாய்ந்தபோது பெக் போய் அந்தப் புதுத் தாரின் விளிம்பில் முட்டியிருக்கிறது. மடங்கியிருந்தால் ஒரு உரசலோடு போயிருக்கும். அது மடங்கவில்லை. கடப்பாரை மாதிரி குத்தி நின்று, முன்சக்கரத்தைத் தூக்கி, வண்டியை அவள் காலின்மேலேயே தள்ளியிருக்கிறது. அவ்வளவு அடியிலும் என் வெள்ளைக் கோடு முடி அளவுகூட ஒடியவில்லை.

காலி அட்டைப் பெட்டி ஷெட்டிலேயே கிடந்தது. அதற்குள் ஒரு தாள். நான் படிக்காத தாள். பெக்கின் படம் போட்டு, அது மேல்நோக்கி மடங்குவதைக் காட்ட வளைந்த அம்புக்குறி போட்டு, மடங்குவதைத் தடுக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷை அந்தத் தாளில்தான் துடைத்திருந்தேன். அம்புக்குறியின் பாதி வெள்ளைக்கு அடியில் இருந்தது.

இடது பெக்கைக் கழற்றி, அந்தத் தாளோடு, வேலைக்கு எடுத்துப்போகும் பையில் போட்டுக்கொண்டேன். வலது பக்கத்தை அப்படியே விட்டேன். ஒன்று விபத்தில் போயிருக்கும் என்று நினைப்பார்கள், இரண்டையும் காணோமென்றால் யாராவது கேட்பார்கள்.

யாருமே என்னைக் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் சாலையைத் திட்டினார்கள். பெண் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்றார்கள். என் மனைவியும் தலையில் அடித்துக்கொண்டு அதையே சொன்னாள். மகள் கட்டிலில் படுத்தபடி உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். "இவ்வளவுதான்ப்பா சாய்ச்சேன். எத்தனையோ தடவை அதே வளைவுல போயிருக்கேன். எப்படி ஓவரா சாய்ச்சேன்னே தெரியல. எனக்கு ஓட்டத் தெரியலப்பா."

"விடும்மா" என்பேன். சோறு பிசைந்து கொடுப்பேன். பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். இந்த மாதிரி அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று எதிர் வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

இரண்டாவது மாதம் ஒருநாள், வண்டியை விற்றுவிடப் போவதாகச் சொன்னாள். இனிமேல் தொடப்போவதில்லை என்றாள். சொல்லும்போது அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்த எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. இனி நடக்க வேண்டாம், மெசேஜுக்குக் காத்திருக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நான் ஆரம்பத்திலிருந்து கேட்டது கிடைத்துவிடும்.

நான்காவது மாதம் வாங்குவதற்கு ஆள் கிடைத்தது. விருத்தாசலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வருகிறான் என்றாள். எனக்கு வலது பெக் ஞாபகம் வந்தது. அந்தப் பையனும் ஏதோ ஒரு வளைவில் வலப்பக்கம் சாய்வான்.

ஞாயிறு காலை வேலைப் பையோடு ஷெட்டுக்குப் போய் ஸ்பேனரை மாட்டினேன். என் கையால் முடுக்கியது, அசைய மறுத்தது. பைப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"ஏன்ப்பா அதைக் கழட்டற? ஒரு பக்கம் பெக் இருக்குன்னு போட்டோ அனுப்பியிருக்கேன்."

துருப்பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். நான்கு மாதத்தில் இந்த மாதிரிப் பொய்கள் சுலபமாக வந்துகொண்டிருந்தன. அவள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். மற்றக் காலின் பாதம் வீங்கி, தரையில் படாமல் தொங்கியது.

"இதை மடக்கிப் பாரும்மா" என்றேன்.

அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு, பெக்கைக் கையால் மேலே தள்ளினாள். இரண்டு கையாலும் தள்ளினாள். பிறகு குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். நான் பையிலிருந்து இடது பெக்கையும் அந்தத் தாளையும் எடுத்து சீட்டின்மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கீழே இறக்கியதையும் சேர்த்து. கோர்வையாகச் சொல்லவில்லை.

தாளை அவள் இரண்டு முறை படித்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கே."

"நாலு மாசம்" என்றாள். "நாலு மாசமா நான் கையைச் சாய்ச்சிச் சாய்ச்சிப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உட்கார்ந்து சோறு ஊட்டிக்கிட்டு இருந்த."

"பயம்மா."

"என்ன பயம்? நான் திட்டுவேன்னா? இல்ல, திரும்ப ஓட்டுவேன்னா?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து அந்தப் பையனை அழைத்தாள். மன்னிக்கச் சொல்லி, வண்டி கொடுப்பதாக இல்லை என்றாள். அப்புறம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள். படியேற நான் கை கொடுக்கப் போனேன்.

"வேணாம். வண்டியிலயும் இனிமே கை வைக்காத. மெக்கானிக் பாத்துக்குவான்."

என் மனைவி எல்லாவற்றையும் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். மகளைத் திட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

இப்போது மகள் மறுபடி ஓட்டுகிறாள். இறங்கி நடந்தால் இடது கால் கொஞ்சம் இழுக்கும். வண்டியில் புது பெக்குகள் இருக்கின்றன. எங்கே வைத்துப் பூட்டினார்கள், எவ்வளவு உயரம் என்று நான் குனிந்து பார்ப்பதில்லை. வருகிறாள், சாப்பிடுகிறாள், எங்கள் இரண்டு பேரிடமும் பேசுகிறாள். வேலை எப்படிப் போகிறது என்று என்னைக் கேட்கவும் செய்கிறாள். மெசேஜ் மட்டும் அவள் அம்மாவின் போனுக்குப் போகிறது.

அந்தப் போன் ஃபிரிட்ஜின் மேல் இருக்கும். அவள் கிளம்பிப்போன ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். போன் ஒருமுறை அதிரும். என் மனைவி கையில் இருக்கிற பாத்திரத்தைக் கழுவி முடித்து, கவிழ்த்துவைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதை எடுப்பாள். சில நாள் படித்துவிட்டு, "பண்ருட்டி" என்று பொதுவாகச் சொல்வாள். சில நாள் படித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள்.