கொசுறுக்குக் கட்டம் இல்லை

எங்கள் ஆபீஸில் அவருக்கு அச்சுஅசல் என்று பெயர். வைத்தது நான்தான். கப்பலில் வெளிநாடு போகும் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தயாரிப்பது எங்கள் பிழைப்பு. விலை சொல்லும் இன்வாய்ஸ் ஒன்று, எந்தப் பெட்டியில் என்ன என்று சொல்லும் பேக்கிங் லிஸ்ட் ஒன்று, சுங்க அறிவிப்பு ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு கடைசி வரியில் தொடங்கி மேலே வாசிக்கச் சொல்வார். பதினான்கு வருடம் அடுத்த மேஜையில் உட்கார்ந்து என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

வீட்டிலும் இதே கூத்துதான். வீடு மாற்றியபோது நாற்பத்து மூன்று பெட்டிக்கும் பட்டியல் போட்டாராம். புது வீட்டில் பிரித்து எண்ணினால் ஒரு கரண்டி கூடுதல். இன்னொருவராக இருந்தால் குழம்பில் போட்டுக் கலக்கியிருப்பார். இவர் பழைய தெருவுக்குப் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, இது உங்களுடையதா என்று காட்டிக் கேட்டிருக்கிறார். அவர் மனைவியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் சீப்புக்கார அம்மா வந்து மாட்டினார். வீட்டு முன்னறையில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு மரச்சீப்பு அறுத்துத் தேய்த்துச் சந்தையில் விற்பவர். முதல்முறையாகக் கடல் தாண்டி ஓர் ஆர்டர் வந்திருந்தது. இருபத்து நான்கு பெட்டி, பெட்டிக்கு நூறு சீப்பு. நான்கு மாத உழைப்பு. இந்தக் கப்பலில் வராவிட்டால் சரக்கே வேண்டாம் என்று அந்த ஊர்க் கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

சரக்கு ஏற்றும் நாளன்று, ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் கிடங்குக்குப் போயிருந்தேன். சுங்க அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து எண்ணச் சொன்னார். நூற்றிரண்டு. இன்னொன்றைத் திறந்தார்கள். அதிலும் நூற்றிரண்டு. மாலை நான்கு மணிக்குக் கிடங்கை மூடிவிடுவார்கள்; அதற்குள் ஏறாத சரக்குக்கு இந்தக் கப்பலில் இடமில்லை.

அச்சுஅசலின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சீப்புக்கார அம்மாவோ சிரித்துக்கொண்டே, பெட்டிக்கு இரண்டு கொசுறு போட்டேன், அதுக்கென்ன இப்போ என்றார்.

"ஏம்மா, இந்தத் தாள்ல கொசுறுக்குக் கட்டம் எங்க இருக்கு?" என்றார் இவர். அவர் குரல் கீச்சிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

குறைந்தால் திருட்டு, கூடினால் கடத்தல், சுங்கத்தின் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது என்று அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் சிரிப்பு வற்றியது. கூடுதல் சீப்பை எடுத்துவிடலாமே என்றேன். எல்லாப் பெட்டியையும் பிரித்து, மறுபடி ஒட்டிப் பட்டை கட்ட மறுநாளாகும் என்றார்கள் கிடங்கு ஆட்கள். தாளைத் திருத்தலாம், ஆனால் ஏன் கூடியது என்று அதிகாரி ஒப்புக்கொள்கிற மாதிரி காரணம் எழுத வேண்டும். மாதிரிக்கு அனுப்புவதாகப் போட்டுவிடுங்கள், ஊரே அதைத்தான் போடுகிறது என்று இவர் காதைக் கடித்தேன். மாதிரி இல்லையே என்றார் அரிச்சந்திரன். சரி, உடைந்தால் மாற்றிக்கொள்ள என்று போடலாமே என்றேன். என் சீப்பு எதுக்கு உடையுது என்று அம்மா கோபித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து என் பிபியை ஏற்றினார்கள். மணி இரண்டரை.

வேறு வழியில்லாமல் மூன்று பேரும் அதிகாரி மேஜை முன் போய் நின்றோம். காரணம் கேட்டார். அந்த அம்மாதான் பேசினார்.

"சந்தையில வாங்கறவங்க முகத்தப் பாத்து, மறுபடி வாங்கன்னு சொல்லுவேன் சார். இவரு முகம் எப்படி இருக்கும்னே தெரியாது. அவ்வளவு தூரத்துல இருக்கறவருக்கு வேற எப்படிச் சொல்றது?"

அதற்கு ஒன்று போதாதா என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணு கூட இருந்தா எண்ணத் தெரியலன்னு நினைப்பாங்க. ரெண்டு இருந்தாத்தான் குடுத்ததுன்னு தெரியும்."

அதிகாரி அச்சுஅசல் பக்கம் திரும்பி, அந்த அம்மா சொன்ன காரணத்தையே எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

கிடங்கு மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் மூன்று தாளையும் புதிதாக அடித்தேன். சீப்பு, இரண்டாயிரத்து நானூறு. அடுத்த வரியில், சீப்பு, நாற்பத்தெட்டு, விலை இல்லை. குறிப்பு என்ற கட்டம் வந்ததும் பக்கத்தில் நின்றிருந்த அச்சுஅசல் மூச்சை இழுத்துவிட்டார். அந்தக் கட்டத்தில் அவர் குறுக்குக் கோடு தவிர வேறெதையும் போட்டதில்லை. 'அனுப்புபவர், வாங்குபவரை மறுபடி வரச் சொல்கிறார்' என்று அடிக்கச் சொன்னார். மூன்று தாளிலும் அதையே அடித்தேன்.

மூன்றே முக்காலுக்கு முத்திரை விழுந்தது. பெட்டிகள் கன்டெய்னருக்குள் போயின. அம்மா ஒரு நகலைக் கையில் வாங்கி, அந்த வரியை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இது அந்தக் கடைக்காரர் கைக்கும் போகுமா என்றார். போகும் என்றேன். போனாலும் இவ்வளவு தாளில் இந்த ஒரு வரியை அவர் எங்கே படிக்கப் போகிறார் என்று அம்மாவுக்குக் கவலை.

"படிச்சுத்தாம்மா ஆகணும்" என்றார் அச்சுஅசல். "அதுக்குக் கீழதான் கையெழுத்துக் கட்டம். போடாம அவரு ஒரு சீப்பைக்கூட வெளிய எடுக்க முடியாது."