வாங்கிய கறி

அங்காளம்மாள் கோபக்காரி என்று ஊருக்கு வெளியே ஒதுங்கிய எங்கள் வளவில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோபம் எந்த நாளில் அவள் மேல் ஏறி உட்கார்ந்தது என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் சௌந்திரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

மல்லூருக்குத் தெற்கே எங்கள் பக்கத்து வழக்கம் இது: நிலத்துக்காரரான பண்ணாடியின் வீட்டு மாடு செத்தால் வளவிலிருந்து ஆள் போய் இழுத்து வர வேண்டும். தோலை உரித்துப் பதம் செய்து, அவர் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பறி தைத்துக் கொடுக்க வேண்டும். கறி எங்களுக்கு. இதற்காகவே அறுப்புக் காலத்தில் களத்தில் எங்களுக்குத் தானியம் அளப்பார்கள். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அடைப்பான் நோய் கண்டு ஒரு எருமை செத்தது. எல்லோரும் தின்றோம். பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்து எழுந்தார்கள். அங்காளம்மாளின் மகள் சௌந்திரம் எழவில்லை. பாவாடை நாடாவைத் தானே முடியத் தெரியாத வயசு.

"இனிமே செத்தது என் அடுப்புல ஏறாது" என்றாள் அங்காளம்மாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் கால் கழுவும்போது சொன்னாள்.

அப்போது அவளுக்குச் சேலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பாத்திரம் துலக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மாட்டுக்கறியும் மக்ரோனியும் ஒரே சட்டியில் வேகும். பட்லர் தங்கசாமி அவளை அடுப்படிக்குள் விடமாட்டான். "எட்டி நில்லு, நிழல் விழுது" என்பான். சட்டி அவள் கைக்கு வரும்போது அடியில் ஒட்டியிருப்பதுதான் மிச்சம். அதைச் சுரண்டி, மோந்து, நாக்கில் வைத்தே அவள் அந்தச் சமையலைக் கற்றாள்.

அடுத்த வருஷம் சீமையில் சண்டை மூண்டது. துரை குடும்பத்தோடு கப்பல் ஏறப் போனார், வேலையும் போயிற்று. அலமாரியில் மிஞ்சிக் கிடந்த பெரிய மக்ரோனி டப்பாவைத் துரைசானி அவள் கையில் கொடுத்து அனுப்பினாள். அங்காளம்மாள் வரும் வழியில் கறிக்கடையில் நின்று, அன்று காலையில் அறுத்த கறியாகப் பார்த்து வாங்கி, இலையில் பொதிந்து எடுத்து வந்தாள். அவள் கணவன் பச்சமுத்து பிறந்ததிலிருந்து ஒருநாளும் வாங்கிய கறி தின்றதில்லை.

வளவுக்குள் நுழைந்தால், பச்சமுத்து கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறான். பண்ணாடியின் வண்டிமாடு விடியலில் செத்துவிட்டது.

அவள் கறிப் பொட்டலத்தை உள்ளே வைத்தாள். பண்ணாடியின் தோட்டத்துப் பக்கம் நடந்து போய், செத்த மாட்டை எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தாள். வந்து அடுப்பை மூட்டினாள். சின்ன வெங்காயத்தை அவள் நறுக்கிய விதத்தைப் பார்த்தே நாங்கள் விலகி உட்கார்ந்தோம். கடலை எண்ணெய் காய்ந்தது. வெங்காயமும் அரைத்த மிளகாயும் மல்லியும் போட்டு வதக்கி, சீமைத் தக்காளியைக் கையாலேயே நசுக்கிப் போட்டாள். கறியைக் கொட்டி மூடினாள். கறி வெந்து எலும்பு கழன்றதும் மேலும் தண்ணீர் விட்டு, அது தளதளவென்று கொதிக்கும்போது மக்ரோனியை அள்ளிப் போட்டாள்.

பக்கத்து வீட்டு உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். "ஏனக்கா, இதென்ன தார்க்குழலாட்டம் இருக்குது? தறிக்காரங்க ஊட்டுல களவாண்டியா?"

"வேகட்டும், நூல் வருதான்னு இழுத்துப் பாரு."

பச்சமுத்து கத்தியோடு எழுந்தான். "நான் போயிட்டு வாரேன். கூப்பிட்டு ரொம்ப நேரமாச்சு."

"மூக்குல கறுப்பா ரத்தம் வருது. வயிறு ஊதிக் கெடக்குது. அந்த எருமையும் இப்படித்தான் கெடந்துது. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா கத்தி தீட்டுன?"

அவன் பதில் சொல்வதற்குள் வளவு எல்லையில் வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது. வேலுசாமிப் பண்ணாடி. எல்லை தாண்டி உள்ளே வரமாட்டார். அங்கிருந்தே கத்துவார்.

"டேய் பச்சமுத்து! அங்க மாடு ஈ மொய்ச்சுக் கெடக்குது. இங்க கறி மணக்குது. என்னைக் கேக்காம அறுத்துட்டீங்களாடா? தோலுல கத்தி பட்டுச்சா?"

"இல்லீங்க சாமி, அது வந்துங்க..."

அங்காளம்மாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "உங்க மாட்டுல ஒரு மசுரும் கொறையல. இது டவுன்ல வாங்குன கறி."

"வாங்குனதா? உசுரோட நின்ன மாட்ட வெட்டுன கறியா? எம்மாடு செத்துக் கெடக்கையில உனக்கு விலைக்கறி கேக்குதா? பாவம்னு தெரியாதா?"

"செத்ததத் திங்கறது மட்டும் எங்க புண்ணியமுங்களா?"

கரண்டியிலிருந்து குழம்பு மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாட்ட இழுக்கறோம்" என்றாள். "குழி வெட்டிப் பொதைக்கறோம். கறியும் வேண்டாம். தோலும் உரிக்கமாட்டோம்."

"தோல் இல்லாம? என் கரும்புக்கு உங்கப்பனா வந்து தண்ணி எறைப்பான்?"

"எங்கப்பன் எறைச்சுத்தானுங்க செத்தான்."

"சரி. களத்துப் பக்கம் ஒருத்தனும் வந்துராதீங்க. ஒரு மணி அளக்கமாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் வளவே அவள் மேல் பாய்ந்தது. கூடையும் கத்தியுமாகக் காத்திருந்த ராசப்பன்தான் முதலில். "உனக்குத் துரைசானி சோறு போட்டா. எம்புள்ளைங்களுக்கு? அறுத்தா இன்னிக்கு வயிறு நெறையும். களமும் தப்பிக்கும். நான் போறேன்."

"உம்புள்ளை வாயில அதைப் போடுவியா?"

"எல்லாருமா செத்தாங்க? உம்புள்ளைக்கு விதி..."

முடிக்க விடவில்லை. உள்ளே போனவள், சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்துத் தூக்கி வந்து, தெரு நடுவில் தொம்மென்று வைத்தாள். வெறும் கையாலும் தூக்கியிருப்பாள் என்று தோன்றியது.

"பசின்னா இதைத் தின்னுங்க. வாங்குன கறி, காலையில உசுரோட நின்ன மாடு. இதுல கை வெச்சவன் கத்தி எடுக்கக் கூடாது. எடுத்தான்னா இந்தக் கரண்டியாலயே மண்டையை ஒடைப்பேன்."

முதலில் வந்தது ராசப்பனின் கடைசிப் பையன். தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். "புழுவா அத்தே?"

"ஆமா, சீமைப் புழு. தின்னு."

ஒன்றைத் தின்றான். இன்னொன்றின் ஓட்டை வழியாக ஊதிப் பார்த்தான். குழம்பு உண்ணாமலையின் கன்னத்தில் தெறித்தது. அவள் திட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு எல்லா வீட்டுத் தட்டும் வந்தது. குழந்தைகளுக்கு நிறைய, பெரியவர்களுக்கு வாய்க்கு ருசி காட்டும் அளவு. கறியைப் பங்கு வைக்கும்போதும் அங்காளம்மாள் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்: பண்ணாடியை, தங்கசாமியை, கத்தி தீட்டிய கையை, போன ஐப்பசியை.

பச்சமுத்து கத்தியைக் கூரையில் செருகிவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். நாங்களும் மண்வெட்டியோடு போனோம். ராசப்பன் கடைசியாக வந்தான். விரலை நக்கிக்கொண்டே எங்களை வைதுகொண்டு வந்தான். ஆனால் கூடை இல்லாமல் வந்தான். அடியில் சுக்கான் பாறை. குழி ஆழமாவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மாட்டைத் தோலோடு இறக்கி, மண் தள்ளி, மேலே கல்லும் முள்ளும் போட்டோம்.

அந்த அறுப்பில் பண்ணாடி சொன்னபடியே அளக்கவில்லை. ஆட்கள் மல்லூருக்கும் ராசிபுரத்துக்கும் மண் சுமக்கப் போனார்கள். அதற்காக அவளை ஏசாத வீடு கிடையாது. அந்த வருஷ ஐப்பசியில் எந்த வீட்டிலும் பிணம் விழவில்லை; அதை வாய்விட்டுச் சொன்ன வீடும் கிடையாது.

அன்றைக்குக் குழியிலிருந்து நாங்கள் திரும்பியபோது அவள் வாசலில் உட்கார்ந்து சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு எடுத்து வைக்கவில்லை. தீய்ந்து ஒட்டிய ஒரு குழலைக் கரண்டி முனையால் பெயர்த்து வாயில் போட்டாள்.

"என் சட்டியிலயும் எனக்கு அடியில ஒட்டுனதுதானா?" என்று பச்சமுத்துவைப் பார்த்துக் கத்தினாள்.

அவன் மாட்டைத் தொட்ட கையோடு தண்ணீர்ப் பானைப் பக்கம் போனான்.

"சாம்பல் போட்டுக் கழுவு! முழங்கை வரைக்கும்!"