சவுக்காரத் தண்ணீரில் ஓடிய லாரி

என் வீட்டுக்காரரைக் குடிகாரர் என்று சொன்னவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வயசாகிவிட்டது, விட்டுத் தள்ளு என்கிறார்கள். எதை விடுவது? அவன் வாயில் மண் விழ வேண்டும் என்று நான் சாமி கும்பிட்ட நாட்கள் உண்டு.

அறுபதுகளில் செஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மில் வைத்திருந்த முதலாளியிடம் அவர் லாரி டிரைவர். சித்திரையில் மல்லாட்டை பிடுங்கினால் லாரிக்கு ஓய்வே கிடையாது. வல்லம், தளவானூர் என்று ஊர் ஊராகப் போய் மூட்டை ஏற்ற வேண்டும். ஏற்றலாம் என்ற அளவுக்கு மேலேயே ஏற்றுவார்கள். அந்த வருஷம் பிரேக் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. இவர் முதலாளியிடம் போய்ச் சொன்னதற்கு, "ரிப்பேருக்கு வுட்டா சீசன் பூடும்யா. சவுக்காரத் தண்ணிய ஊத்தி ஓட்டு, பாத்துக்கலாம்" என்றானாம். நடுவழியில் ஆயில் தீர்ந்தால் துணி சோப்பைக் கரைத்து ஊற்றி அடுத்த ஊர் வரை சமாளிக்க டிரைவர்கள் செய்கிற வேலை அது. அதையே சீசன் முழுக்கச் செய்யச் சொன்னான் அந்த மகராசன்.

அன்றைக்குக் காலையில் வீட்டுச் சவுக்காரத்தில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார்.

"அப்ப துணிக்கு நான் இன்னா பண்றது?"

"சாயங்காலம் வாங்கியாறேன். பிரேக்கு மிதிச்சா பொதுக்குனு பூடுதுடி."

சாயங்காலம் அவர் வரவில்லை. கோட்டைக்கு அந்தண்டை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்த மாட்டு வண்டி. அதில் மோதாமல் ஒடித்து, லாரியைப் புளியமரத்தில் விட்டார். வண்டிக்காரர்கள் பிழைத்தார்கள். இவர் ஸ்டியரிங்கோடு போய்விட்டார்.

காரியம்கூட முடியவில்லை. "குடிச்சிட்டு ஓட்டினான், நான் இன்னா பண்றது?" என்று ஸ்டேஷனிலும் கடைத்தெருவிலும் சொல்லி வைத்தான் முதலாளி. மதுவிலக்கு இருந்த காலம். குடிகாரன் என்றால் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பாக்குகூடப் போடாத மனுஷன் அவர்! கிணற்றடியில் என் மகளைக் குடிகாரன் பொண்ணு என்றார்கள். அவள் வந்து, "நைனா குடிச்சாராம்மா?" என்று கேட்டாள். உயிர்தான் போயிற்று, பேரையாவது திருப்பி வாங்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அதே லாரிக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, மில் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பூஜை முடிந்ததும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஒரு சுற்று போய் வருவது அங்கே வழக்கம். ஊர் டிரைவர்கள் எல்லாரும் பொரி வாங்க நின்றார்கள். நான் கும்பலைத் தள்ளிக்கொண்டு போனேன். முதலாளியின் இரண்டு பிள்ளைகளும் முன்னால் இருக்க, புது டிரைவர் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பிரேக்குல இன்னா இருக்குது? ஆயிலா, சவுக்காரத் தண்ணியா?"

அவர் முதலாளியைப் பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா இன்னாம்மா இது? எல்லாம் சரியாத்தான் இருக்குது, போ."

"சரியா இருந்தா நல்லதாப் போச்சு மொதலாளி. இந்தப் புள்ளைங்கள இப்படியே வச்சிக்கினு கோட்டை எறக்கம் போய்ட்டு வரச் சொல்லுங்க. எல்லாருக்கும் எதிர்ல ஒங்க கால்ல வுழுந்துட்டுப் போறேன்."

"ஓட்டச் சொல்லுங்க மொதலாளி" என்றார் கும்பலில் ஒரு டிரைவர். யாரும் பொரியைத் தொடவில்லை. முதலாளி இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்து, இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

அதற்காகத்தானே அத்தனை மாசம் காத்திருந்தேன்!

"ஒன் புள்ளைங்கள எறக்கத் தெரியுதே, எம் புருசன மட்டும் ஏன்டா ஏத்தி அனுப்புன?"

புது டிரைவர் சாவியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்றார்.